சுவருக்கு அந்தப் பக்கம் முன்னாடியே அவுட்

என் மொத்த உத்தியோகத்தையும் ஒரே கேள்வியில் சுருட்டிவிடலாம். மொட்டைமாடியில் நின்றுகொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு வீட்டுக்காரரை நோக்கி, "வந்துச்சா?" என்று கத்துவது. கீழே இருந்து "வர்ல" என்று பதில் வரும். டிஷ்ஷை ஒரு விரல்கடை திருப்புவேன். "இப்போ?" "வர்ல." இன்னும் கொஞ்சம். "இப்போ?" "வந்துச்சு, வந்துச்சு... தோ, பூட்ச்சு." திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே எத்தனையோ மாடிகளில், பங்குனி வெயிலில் காய்ந்தும் ஆடிக் காற்றில் ஆடியும், நான் இப்படித்தான் என் தொண்டையைச் செலவழித்தேன்.

போன மாதம் எனக்கு ஓய்வு கொடுத்தது கடை அல்ல, முழங்கால். கைப்பிடிச் சுவர் ஏற முடியாதவனுக்கு இந்தத் தொழிலில் தரையில் வேலை கிடையாது. சால்வை போர்த்தினார்கள். கேசரி கொடுத்தார்கள். போனில் கம்ப்ளெயின்ட் எடுக்கும் ரேவதி, கேசரியை வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அண்ணா, நெட்டு மாட்றவங்க சத்தமே இல்லாம வந்து மாட்டிட்டுப் போய்க்கினே இருக்காங்க. நீங்க மட்டும் ஏன் அப்படிக் கத்துனீங்க? கத்தறதுக்கா சம்பளம்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து வைக்கும்போதுதான், ஆமாம், அதற்குத்தான் போலிருக்கிறது என்று தோன்றியது. அதனால் இதை எழுதுகிறேன்.

காக்களூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் போல்ட்டுக்கு மரை வெட்டிக்கொண்டிருந்தவன் நான். பட்டறை மூடியது. டிஷ் ஆன்டெனா மாட்டும் கோதண்டம் அண்ணன் கடையில் சேர்ந்தேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவனுக்கு வானம் பார்க்கச் சொல்லித் தருவதுதானே பாக்கி. அதை அண்ணன் இரண்டு டீக்கு நடுவில் முடித்துவிட்டார். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை, பையில் சீப்பு. அவர் ஒரு மாடியிலும் ஏறி நான் பார்த்ததில்லை. தெருவில் நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பார். பிறகு வீட்டுக்காரம்மாவிடம் திரும்பி மிகுந்த மரியாதையோடு ஒரு கேள்வி கேட்பார்: "சமையல் எந்தப் பக்கம்மா?"

மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் அதற்குள் விஞ்ஞானம் இருந்தது. எங்கள் பக்கத்து டிஷ் தென்கிழக்கைப் பார்த்து நிற்க வேண்டும். தென்கிழக்கு என்பது அக்னி மூலை. அக்னி மூலையில் அடுப்பு இல்லாத வீட்டை எங்கள் மேஸ்திரிகள் கட்ட மாட்டார்கள். சுவரில் ஏசு படம் மாட்டிய வீட்டிலும் அடுப்பு அங்கேதான் எரிந்தது. எனவே திசைகாட்டி எதற்கு? குழம்பு கொதிக்கும் பக்கமாக டிஷ்ஷைத் திருப்பினால் ஆயிரக்கணக்கான மைல் உயரத்தில் நிற்கும் சாட்டிலைட் அகப்பட்டுவிடும்.

திருநின்றவூரில் ஒரு புது வீட்டில் மட்டும் அது அகப்படவில்லை. சமையல் வடமேற்கில் இருந்தது. நான் பாதிக் காலைப்பொழுது திருத்தணிப் பக்கத்து வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பருந்து இருந்தது, வேறு எதுவும் இல்லை. அண்ணன் என்னைத் திட்டவில்லை. வீட்டுக்காரம்மாவைத்தான் பார்த்தார், குழந்தைக்கு ஜுரம் என்று கேள்விப்பட்டவர் மாதிரி. "யாரும்மா வாஸ்து பாத்தது?" அந்த அம்மா அடுத்த வருடம் அடுப்பையே இடம் மாற்றிவிட்டதாகக் கேள்வி. எங்கள் தொழில் முறையில் ஒரு மாற்றமும் ஏற்படவில்லை.

அண்ணனின் இன்னொரு பிடிவாதம் மீட்டர் பற்றியது. உள்ளங்கை அகலத்தில் ஒரு சிக்னல் மீட்டர் இருக்கிறது. ஒயரின் நடுவே மாட்டினால் சிக்னல் வந்ததும் முள் ஏறும், கீச்சென்று கத்தும். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அதை என் கையில் கொடுத்தபோதே சொல்லிவிட்டார்: "இத்த பையில வச்சுக்கோ. கேக்க வேண்டியது ஊட்டுக்காரன."

"ஏண்ணே? இதுவே சொல்லுதே."

"மெஷின் சொன்னா மெஷினுக்கு வந்துச்சு. அவன் வாயால வந்துச்சுன்னு கத்துனாத்தான்டா அவனுக்கு வந்துச்சு. அப்புறம் நாளைக்கு வர்லன்னு போன் பண்ண அவனுக்கே கூச்சமா இருக்கும்."

வியாபாரமா, மனித மனமா என்று பிரித்துச் சொல்ல முடியாத பேச்சு. நான் மீட்டரைப் பையில் வைத்துக்கொண்டு கத்தினேன்.

பெரியபாளையம் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில், ஏழுமலை, முனுசாமி என்று அண்ணன் தம்பி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். பிள்ளைகள் இருவரும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே ரோலிங் மில்லில் வேலை பார்த்தவர்கள். சிவந்த கம்பி சீறிக்கொண்டு ஓடும் இடத்தில், அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, இருவருக்கும் ஊரையே எழுப்பும் குரல். "உப்பு எட்த்துக்கினு வா" என்று ஏழுமலை சாதாரணமாகச் சொன்னால் எதிர்வீட்டுக்காரர்கள் உப்பு கொண்டுவந்துவிடுவார்கள்.

ஒரே வீடு, ஒரே டிஷ். மாடியில் டிஷ், அதன் மூக்கு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியிலிருந்து இரண்டு ஒயர், ஒன்று அண்ணன் அறைக்கு, ஒன்று தம்பி அறைக்கு. மாட்டியவன் நான்தான். பிறகு அவர்களுக்குள் சண்டை வந்தது. ஏன் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம். ஏழுமலை மகள் கல்யாணப் பத்திரிகையில் தம்பி பெயர் விட்டுப்போனது என்றார்கள். மாமரம் என்றார்கள். இருவருக்குமே சரியாக ஞாபகம் இல்லை என்பது என் சந்தேகம்; ஞாபகம் இல்லாத சண்டைக்குத்தான் ஆயுசு அதிகம். வீட்டை நடுவில் பிளந்து சுவர் எழுப்பினார்கள். கிணற்று மோட்டாரை முறை வைத்துப் பிரித்தார்கள். மாமரத்தைக் கிளை வாரியாகப் பிரித்தார்கள். கடைசியில் மாடியில் டிஷ் மட்டும், யாருக்கும் சேராத பிள்ளை மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. என்னைக் கூப்பிட்டார்கள்.

டிஷ் ஏழுமலை பக்கத்து மாடியில் இருந்ததால் அவருக்கே என்று முடிவாயிற்று.

"அவன் ஒயர வெட்டிவுடு நைனா" என்றார் ஏழுமலை, மாடியிலிருந்தே தம்பிக்குக் கேட்கும்படி. அவர் எதைச் சொன்னாலும் தம்பிக்குக் கேட்கும்.

கீழே வாசலில் இருந்து முனுசாமி பதில் சொன்னது அண்ணனுக்கு அல்ல, எனக்கு. "வெட்டச் சொல்லு டிஷ்ஷு! வானத்து தயவே எனக்கு வாணாம். நெட்டு போட்டுக்கினு போறேன். உலகமே அதுலதான் பாக்குது."

என்னை டிஷ்ஷு என்றுதான் அந்தத் தெருவே கூப்பிடும். கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்துவிட்டு, எதற்கும் கோதண்டம் அண்ணனுக்கு ஒரு போன் போட்டேன்.

"வெட்டாத" என்றார் உடனே. "கழட்டு. முனைக்கு டேப்பு சுத்து. சுருட்டி கைப்பிடிச் சுவர் ஓரமா கட்டி வச்சிட்டு வா. வெட்டுன ஒயரு குப்ப. கழட்டுன ஒயரு ஒயருதான்."

அதன்படியே திருகிக் கழற்றி, மழைத்தண்ணீர் இறங்காமல் டேப் சுற்றி, ஒயரை வட்டமாகச் சுருட்டி, கம்பியில் கட்டி வைத்தேன். "இன்னாத்துக்கு அத்த கட்டி வைக்கிற?" என்று ஏழுமலை கேட்டார். "கம்பெனி ரூல்ஸ்" என்றேன். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கடையும் நெட்டுக்கு மாறியது. பழைய போர்டின் மேலேயே புது பெயின்ட். வெயில் அடிக்கும்போது நெட்டுக்கு அடியில் டிஷ் தெரியும். கண்ணாடி நூல் மாதிரியான ஃபைபர் ஒயரை கரன்ட் கம்பத்தில் கட்டி, பனைமரத்தில் கட்டி, ஆள் இல்லாத வீட்டு ஜன்னலில் கட்டி ஊருக்குள் இழுத்தோம். கரும்பு லாரி ஒரு நாள் அறுக்கும். அணில் ஒரு நாள் கடிக்கும். இரண்டும் செய்யாத நாளில் படம் வரும். வந்து, நின்று, நடுவில் ஒரு வட்டம் சுற்றும். கதாநாயகி வாயைத் திறந்தபடி காத்திருப்பாள். அவளுக்கு எதிரே குடும்பமே வாயைத் திறந்தபடி காத்திருக்கும்.

முனுசாமி வீட்டில் மாட்டிய முதல் வாரமே அவரிடமிருந்து புகார். படம் நிற்கிறது என்றல்ல. அதை அவர் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டார். புகார் வேறு.

"டிஷ்ஷு, மேட்ச்சு லேட்டா வருது."

"லேட்டான்னா?"

"இங்க பவுலர் ஓடியாந்துக்கினே இருக்கான். அங்க அவன் 'அவுட்டு'ன்னு கத்தறான். நான் இன்னாத்த பாக்கறது? செத்தவனுக்கு வைத்தியம் பாக்கற மாதிரி கீது."

வானத்துக்குப் போய்த் திரும்பி வரும் படம் முதலில் வந்துவிடுகிறது. பக்கத்து ஊர் கம்பத்திலிருந்து வரும் படம் பின்னால் வருகிறது. நெட்டு படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டும், அதுவும் எங்கள் வேகத்தில் டீயை ஊதி ஒரு வாய் குடிக்கும் நேரமாவது பின்தங்கும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கம்பத்தில் நாங்கள் உபரி ஒயரைச் சுருட்டிக் கட்டியிருந்த வளையத்தைக் காட்டினார்.

"இம்மாம் சுத்து சுத்தி வந்தா லேட்டாவாதா? அத்த அவுத்து நேரா இஸ்து வுடு."

அவிழ்த்துவிட்டேன். வேறென்ன செய்ய? அடுத்த மேட்சிலும் ஏழுமலைதான் முதலில் கத்தினார். படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தோம். தாமதம் அப்படியே இருந்தது, பந்துதான் காணாமல் போயிற்று. கடைசியில் முனுசாமி தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால், ஒரு கணக்குப் போட்டு, "அவுட்டு!" என்று அவரே கத்துவது. பெரும்பாலும் அவுட் ஆகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சிரிப்பு வந்தது, சிவந்த கம்பிகளுக்கு மேலே சிரித்துப் பழகிய சிரிப்பு. அன்றோடு முனுசாமி வாயை மூடிக்கொண்டார். மேட்சை மட்டும் விடவில்லை.

ஏழுமலைக்கு மனைவி இல்லை, மகள் பொன்னேரியில். சுவர் எழுந்த பிறகு ஒரு தடவை நெஞ்சு வலி என்று பெரியாஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்தவர். அந்தச் சமயத்தில் தம்பி போய்ப் பார்க்கவில்லை என்றுதான் ஊர் சொன்னது. முனுசாமியின் மனைவி சாந்தி ஒரு நாள் எனக்கு டீ கொடுக்கும்போது, குரலைத் தாழ்த்திச் சொன்னது வேறு. "போனாருண்ணா. ஆஸ்பத்திரி கேட்டு வரிக்கும் போய், வாட்ச்மேனாண்ட 'எப்டி கீறாரு'ன்னு கேட்டுட்டு வந்துட்டாரு. வாட்ச்மேனுக்கு இன்னா தெரியும்? 'நல்லா கீறாரு'ன்னு சொல்லிட்டான். அந்த ஒரு வார்த்தைல தெம்பா வந்து சாப்ட்டாரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சென்னை டீமுக்கு மேட்ச். ஊரே ஒரே நூலை உறிஞ்சுகிற நாள். முனுசாமி வீட்டில் வட்டம் சுற்றுகிறது என்று கூப்பிட்டார். போய், ரவுட்டரை அணைத்துப் போட்டு, ஒயரை டிவியில் நேராகச் செருகி, படத்தை நகர்த்தினேன். சாந்தி பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சிக்ஸர் போயிற்று. நான் கை தட்டினேன். முனுசாமி தட்டவில்லை. சுவரைப் பார்த்தார்.

"ஏன் அவன் கத்தல?"

"பாத்ரூம் போயிருப்பாரு."

அடுத்து ஒரு பவுண்டரி. சுவர் சும்மா இருந்தது. அதற்கு அடுத்து எங்கள் ஆள் ஒருவன் ரன் அவுட். ஏழுமலைக்கு உயிர் போகிற மாதிரி கோபம் வரும் விஷயம் ரன் அவுட். ஒரு சத்தமும் இல்லை. டிவியில் நாற்பதாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்; எங்கள் காது மூன்றும் அந்தச் சுவரில் ஒட்டியிருந்தது. சாந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"ஏங்க" என்றாள்.

அவ்வளவுதான். முனுசாமி எழுந்தார். வாசல் வழியாகப் போயிருக்கலாம். தெருவைச் சுற்றி நாலே எட்டு. அவர் கொல்லைப்புறம் ஓடி, தானே கொத்தனாரோடு நின்று எழுப்பிய சுவரில் கையை ஊன்றி, ஐம்பது வயது உடம்பைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார். என் முழங்காலைத் திட்டிக்கொண்டே நானும் போனேன்.

ஏழுமலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலி. தலை சாய்ந்து காது சுவரில். கண் மூடியிருந்தது.

"அண்ணே!" என்று முனுசாமி கத்திய கத்தலில் பரணில் இருந்த பாத்திரம் அதிர்ந்தது.

ஏழுமலை கண்ணைத் திறந்தார். தம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டிவியில் 'சிக்னல் இல்லை' என்ற நீலம்.

"இன்னாடா?"

"ஏன் கத்தல நீ?"

"காலீலேர்ந்து டிஷ் புட்டுக்கிச்சு. நீ ஏன்டா கத்தல? நீ கத்துனாத்தான எனக்கு ஸ்கோரு தெரியும்? இம்மாம் நேரம் சுவத்துல காத வச்சுக்கினு கீறேன். மேட்ச்சு கீதா இல்லியான்னே தெர்ல."

"நீ கத்துவன்னு நான் சும்மா இருந்தேன்."

"நான் கத்துவேன்னு நீ சும்மா இருந்தா, நீ கத்துவன்னு நான் சும்மா இருந்தா, மேட்ச்ச யார்ரா பாக்கறது?"

"டிஷ்காரர கூப்ட வேண்டிதான? பக்கத்து ஊட்லதான கீறாரு."

"அதான் பேஜாரு. உன் ஊட்ல வந்து உக்காந்துக்கினு கீறாரு. கூப்ட்டா உனக்குத் தெரியும். சிரிப்ப."

நான் மாடிக்கு ஏறிவிட்டேன். குடும்ப விஷயம் பேசுகிற இடத்தில் தொழிலாளிக்கு மாடிதான் மரியாதை. காரணம் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. டிஷ் நிற்கும் கம்பத்தில் ஏழுமலை கொடிக்கயிறு கட்டி, காலையில் ஈர வேட்டியும் போர்வையும் போட்டிருக்கிறார். போர்வையின் கனம் கம்பத்தையே திருகிவிட்டிருந்தது. தென்கிழக்கைப் பார்க்க வேண்டிய டிஷ், தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. துணியைச் சுருட்டி ஓரம் வைத்தேன். போல்ட்டைத் தளர்த்தினேன். சுவர் ஓரத்தில் நான் சுருட்டிக் கட்டிய ஒயர் அப்படியே இருந்தது, டேப் மட்டும் வெளுத்து.

கீழே பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட்டார்கள் போலிருந்தது; முனுசாமியின் காலடிச் சத்தம் வாசலை நோக்கிப் போனது. சுவர் ஏறி வந்தவர், வாசல் வழியாகத் திரும்பிவிடுவார். இரண்டு பக்கமும் மறுபடி இரண்டு பக்கமாகிவிடும்.

"முனுசாமீ!" என்று கூப்பிட்டேன். "உங்க அண்ணன் குரல் இங்க கேக்கல. நீங்க நடுவுல படிக்கட்டாண்ட நில்லுங்க. அவர் சொல்றத எனக்குச் சொல்லுங்க."

ஏழுமலை குரல் கேட்கவில்லை! பெரியபாளையம் கோயில் வரைக்கும் கேட்கும் குரல். அந்தப் பொய்யை அந்த வீட்டில் யாரும் மறுக்கவில்லை என்பதைத்தான் நான் இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். முனுசாமி வந்து படிக்கட்டு நடுவில் நின்றார்.

"வந்துச்சா?" என்றேன்.

"வந்துச்சாங்கறாரு" என்றார் முனுசாமி கீழே பார்த்து.

"வர்ல."

"வர்லயாம்."

"இப்போ?"

"இப்போங்கறாரு."

"புள்ளி புள்ளியா வருதுன்னு சொல்லு."

"அவருக்கு இன்னாத்துக்கு புள்ளி? மூஞ்சி தெரியுதா, அத்த சொல்லு."

"தெரிஞ்சா சொல்ல மாட்டனா? உன்ன மாதிரி முன்னாடியே கத்தணுமா?"

படிக்கட்டில் ஒரு சிரிப்பு. யாருடையது என்று மேலிருந்து தெரியவில்லை.

பையில் இருந்த மீட்டரை எடுத்தேன். அத்தனை வருடத்தில் ஒரு மாடியில் நான் அதை எடுத்தது அன்றுதான். ஒயர் நடுவே மாட்டி, சத்தம் வராமல் கட்டை விரலால் பொத்திக்கொண்டு பார்த்தேன். அடுத்த திருப்பலிலேயே முள் உச்சிக்குப் போயிற்று. கீழே "வந்..." என்று ஏழுமலை தொடங்கினார். டிஷ்ஷைத் தட்டிவிட்டேன்.

"பூட்ச்சு!"

"பூட்ச்சாம்!"

மறுபடி பிடித்தேன். மறுபடி தட்டினேன். எங்கே சிக்னல் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதை ஒழுங்காகத் தவறவிட முடியும். கீழே ஏழுமலை, இந்த டிஷ்காரனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். முனுசாமி, ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள். நடுவே ஏழுமலை தண்ணீர் கேட்டதும், முனுசாமி எங்கே என்று கேட்காமலே பானை இருக்கும் இடத்துக்குப் போனதும் சொம்புச் சத்தத்தில் தெரிந்தது. இதற்குமேல் தட்டிவிட்டால் மேட்ச் முடிந்துவிடும் என்ற நிலையில் டிஷ்ஷைச் சரியான இடத்தில் நிறுத்தி, போல்ட்டை முறுக்கினேன்.

"வந்துச்சு!" இரண்டு குரலும் சேர்ந்து வந்தது. படிக்கட்டில் யாரும் இல்லை.

கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கியபோது இருவரும் டிவி முன்னால் இருந்தார்கள். அண்ணன் நாற்காலியில், தம்பி தரையில், கால் நீட்டி. அம்பயருக்குக் கண் தெரியவில்லை என்று ஒருவரும், ஆட்டக்காரனுக்கே கால் சரியில்லை என்று ஒருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் கவனிக்கவில்லை. வாசல் வரை வந்துவிட்டேன்.

"டிஷ்ஷு" என்றார் முனுசாமி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னிக்கு சுருட்டி வச்சியே, அந்த ஒயரு இன்னும் மேல கீதா?"

"கீது. மாட்டவா?"

யோசித்தார். ஏழுமலையும் யோசித்தார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"வாணாம்" என்றார் முனுசாமி. "அங்கியே கீட்டும்."

அப்போது பந்து உயரே போய், எல்லைக் கோட்டுப் பக்கம் ஒரு கையில் விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் நெற்றியில் அடித்துக்கொண்டார்கள். அதோடு பேச்சு நின்றது. டீயை ஊதி ஒரு வாய் குடிக்கும் நேரம் போனபின், சுவருக்கு அந்தப் பக்கம், ஆறிப்போன பஜ்ஜியோடு தனியாக உட்கார்ந்திருந்த சாந்தியின் குரல் வந்தது:

"ஐயோ, அவுட்டுங்க!"